இரவு ஆட்டத்துக்கு ஒரு லென்ஸ்

குறைந்த பணத்தில் இரவுக் கபடியைப் படமெடுக்க விரும்புகிறவருக்கு நான் கைகாட்டுவது கேனன் இ.எஃப். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைத்தான். 1992இல் வந்தது. எடை 425 கிராம். செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். புது மிரர்லெஸ் கேமராவுக்கு ஓர் அடாப்டர் போதும்.

கம்பத்துக்குக் கம்பம் விளக்குக் கட்டியிருந்தாலும் கேமராவுக்கு அது அரையிருட்டுதான். ரெய்டு போனவர் நடுக்கோட்டை நோக்கிப் பாயும்போது ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்காவது வேண்டும். இல்லாவிட்டால் கையும் காலும் கலங்கிப்போகும். மலிவான ஜூம் லென்ஸ் முழுதாக நீளும்போது எஃப் 5.6க்குச் சுருங்கிவிடுகிறது; இதுவோ அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. என்ன தாராளம்!

அதிர்வைத் தடுக்கும் வசதி இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். அந்த வசதி நம் கைநடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுகிறவரின் காலை நிறுத்தாது. ஆட்டத்துக்குத் தேவை வேகமான ஃபோகஸ். இதன் அல்ட்ராசோனிக் மோட்டார் சத்தமின்றிச் சட்டென்று ஆளைப் பிடிக்கிறது.

கேனனின் சிறிய சென்சார் கேமராவில் இது 136 மி.மீ. போலப் பார்க்கும். கேமராவை நெடுக்காகப் பிடித்தால், 8 மீட்டர் தொலைவில் நிற்பவர் தலைமுதல் கால்வரை அடங்குவார். முழுதாகத் திறந்தால் வெள்ளைச் சட்டை ஓரத்தில் ஊதா படரும், எஃப் 2.2க்கு வந்தால் குறையும். கால்பந்துக்கு மட்டும் இதன் நீளம் போதாது. பகல் வெயிலில் அதற்கு 55-250 மி.மீ. ஜூமே தாராளம்.