ஆதகூர்க் கல்லில் ஒரு வேட்டைநாய்

நஞ்சன்கூட்டில் வாழும் நமக்கு மாண்டியா மாவட்டத்து ஆதகூர் தொலைவன்று. பெங்களூர் அருங்காட்சியகத்திலுள்ள அவ்வூர்க் கல்லைத் தமிழர் நாடுவது, 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்திக்காகவே. ஆயின், அதன் இலக்கியச் சுவை வேறிடத்தே உள்ளது.

அப்போரில் தீரங்காட்டிய மணலேரன், வேண்டுவது கேட்கப் பணிக்கப்பட்டபோது விரும்பிப் பெற்றது காளி என்னும் வேட்டைநாயை! பின்னர், பேளத்தூர்க் குன்றில் பெரும்பன்றியோடு பொருது காளியும் பன்றியும் ஒருங்கே மாய்ந்தன. கல்லில் செதுக்கப்பட்டிருப்பதும் மன்னர் போரன்று. நாயும் பன்றியும் பொருங் காட்சியே.

நம் எடுத்தனூர் நடுகல்லின் கோவிவன் கள்வரைக் கடித்துக் காவற்கடன் ஆற்றிய நாய். காளியோ வேட்டையின்பத்தின் தோழன். இராசாதித்தனுக்கு இரங்கும் நெஞ்சம் காளிக்கும் இரங்கினாலன்றோ அக்கல்லை முழுதும் படித்தவராவோம்!