வரிசை முடியும் இடம்

போர்க்கலை என்பது இன்ன நிலை, இன்ன அடி, இன்ன வீச்சு என்று வரையறுத்துவைத்த பாணியா, பாணிகளைக் கடந்து நிற்கும் தத்துவமா? இந்தக் கேள்வியைப் புரூஸ் லீயிடமிருந்து தொடங்குவதுதான் வழக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்களிலிருந்தும் தொடங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு ஷூவையும் பிரியாணியையும் நினைவூட்டும் இந்த வட்டாரம், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் படைகள் கடந்துபோன வழி. பயிற்சி ஒருவன் உடம்பை என்ன செய்யும், மனதை எங்கே தொடாமல் விடும் என்பதற்கு இங்கே கல்லிலும் காகிதத்திலும் சான்று இருக்கிறது.

முதல் சான்று ஆம்பூர் நடுகல். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், நுளம்பனின் படை ஊர் மாடுகளைக் கவர்ந்தபோது எதிர்த்துப் பட்டவனின் நினைவாகப் பொறித்த கல்வெட்டு அது. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நூலாக வெளியிட்ட செங்கம் நடுகற்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இப்பகுதிக் கற்களில் வீரர்கள் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள்: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், பாயத் தயாராக அகட்டிய கால்கள். சிற்பிக்கு அது கைவந்த அச்சு. அருகில் இருக்கும் எழுத்தோ அவன் எப்படி வெட்டினான் என்று சொல்வதில்லை. யாருடைய ஆட்சியில், எந்த மாட்டை மீட்க, யாரை எதிர்த்துப் பட்டான் என்று மட்டும் சொல்கிறது. ஊர் அவனை நினைத்தது அவன் எதற்காக நின்றான் என்பதற்காக.

அடவுகளைத் தமிழர் கவனிக்கவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆமூர் மல்லனோடு பெருநற்கிள்ளி பொருததைப் பாடிய சாத்தந்தையார், ஒரு கால் எங்கே அழுத்தியது, மறு கால் எங்கே வளைத்தது என்று புறநானூற்றில் பிடியைப் பிடியாகவே விவரிக்கிறார். பார்க்கத் தெரிந்த கண் அப்போதும் இருந்தது.

இரண்டாவது சான்று 1749 ஆகஸ்ட் 3. அன்று ஆம்பூரில் முசாபர் ஜங், சந்தா சாகிப் ஆகியோரின் படையை ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் எதிர்கொண்டார். அவர்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் இருந்தார்கள். யானைமேல் இருந்து போரிட்ட நவாப் களத்திலேயே மாண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அடையாற்றங்கரையில் அவர் மகனின் பெரிய படையைச் சிறிய பிரெஞ்சுப் படை சிதறடித்திருந்தது. ஒருவன் எவ்வளவு திறமையாக வாள் வீசுகிறான் என்பது இந்தப் போர்களுக்குப் பிறகு இரண்டாம்பட்சமாயிற்று. நூறு பேர் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் மருந்து கெட்டித்து, ஒரே நேரத்தில் சுடுவதே வலிமை. பாணி என்ற எண்ணம் அதன் உச்சத்துக்குப் போன வடிவம் இந்த டிரில்தான். அதில் தனி ஆளின் விருப்பத்துக்கு இடமே இல்லை.

அந்த உச்சத்தின் எல்லை வேலூர்க் கோட்டையில் தெரிந்தது. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் படைத் தளபதி ஜான் கிரேடாக் புது உடை விதிகளைக் கொண்டுவந்தார். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோலால் செய்த குஞ்சம் பதித்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அது எந்த மிருகத்தின் தோல் என்ற சந்தேகம் இந்துச் சிப்பாய்க்கும் இருந்தது, முஸ்லிம் சிப்பாய்க்கும் இருந்தது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் அவர்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி அன்றே அந்த எழுச்சியை அடக்கிவிட்டார் என்பது வேறு கதை. கும்பெனி பழக்கிய அதே வரிசை, அதே துப்பாக்கிப் பிடி, அதே கட்டளை ஒழுங்கு அன்று கும்பெனிக்கு எதிராகத் திரும்பின. யாருக்காகச் சுடுவது என்பதை எந்த டிரிலும் ஆளுக்குள் ஏற்றிவிட முடியாது.

இனிக் கம்புக்கு வருவோம். சிலம்பம் கற்க வரும் பையனிடம் பழைய வாத்தியார்கள் உடனே கம்பைக் கொடுப்பதில்லை. முதலில் காலடி. முன்கால், பின்கால், திருப்பம், ஏறுதல், இறங்குதல் என்று கால் தானாகப் போகும்வரை வெறுங்கையோடுதான். பிறகு அவனவன் நெற்றி உயரத்துக்கு வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் ஏற்றிய மூங்கில் கம்பு. வணக்க வரிசை, வீச்சு வரிசை, அடி வரிசை எல்லாம் அதற்கு அப்புறம். நாகம் பதினாறு, துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், கள்ளப்பத்து, பனையேறி மல்லு என்று முறைகளின் பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றுக்கும் பாணி உண்டு. அதைக் காக்கும் பிடிவாதமும் உண்டு. ஒரு வாத்தியாரின் சுவடு அடுத்த ஊர் வாத்தியாருக்குத் தப்பாகப் படும்.

ஆனால் அதே மரபில் தொடுமுறையும் இருக்கிறது. கம்பின் நுனியில் சாம்பலோ சாயமோ தோய்த்து இருவர் மோதுவார்கள். யார் உடம்பில் எத்தனை அடையாளம் விழுந்தது என்பதுதான் கணக்கு. அங்கே எதிராளி நம் வரிசைப்படி அடிப்பதில்லை. பதினாறு அடி கற்றவன் ஏழாவது அடியில் காலை மாற்ற வேண்டிவரும். ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷூவின் மேல்தோலை லாஸ்ட் என்ற கால் அச்சின் மீது இழுத்துப் பொருத்துவார்கள். அச்சு இல்லாமல் ஷூ உருவாகாது. ஆனால் உருவானபின் அச்சைக் கழற்றியாக வேண்டும், உள்ளே போவது வேறொரு கால். வரிசைக்கும் வேலை அவ்வளவுதான். வரிசை இல்லாமல் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. வரிசையோடு நின்றுவிட்டால் கற்றதைச் சோதிக்கவும் முடியாது.

உலக அரங்கிலும் இந்த இழுபறியே நடந்திருக்கிறது. 1882இல் கோடோகனைத் தொடங்கிய ஜிகோரோ கானோ பழைய ஜூஜுட்சு பள்ளிகளில் கற்றவர். ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துவது என்ற ஒரு கொள்கையை உரைகல்லாக வைத்து அடவுகளைத் தேர்ந்தெடுத்தார். ஆபத்தான அடிகளைக் கட்டா என்ற வரையறுத்த வரிசைகளில் மட்டும் வைத்துக்கொண்டு, முழு பலத்தோடு மோதிப் பழகும் ராண்டோரியிலிருந்து நீக்கினார். தத்துவம் அங்கே பாணியை ஒழிக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தது.

புரூஸ் லீ அதைவிடத் தீவிரமானவர். இப் மானிடம் விங் சுன் கற்றவர், 1967இல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார். 1971இல் 'பிளாக் பெல்ட்' இதழில் மரபான பாணிகள் மனிதனைச் சிறைவைக்கின்றன என்று வாதிட்டார். 1973இல் அவர் இறந்தபின் நடந்தது கவனிக்கத்தக்கது. அவர் கற்றுக்கொடுத்ததை அப்படியே காப்பது ஒரு பிரிவு. அவர் சொன்னபடி தேடிக்கொண்டே போவது இன்னொரு பிரிவு. பாணியே வேண்டாம் என்றவரின் பெயரிலும் பாணி வந்துவிட்டது. கற்பிக்கத் தொடங்கிய எவருக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை.

தத்துவம் வம்சாவளிப் பெருமையாகச் சுருங்கும் ஆபத்தும் உண்டு. வேலூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத காஞ்சியில் பிறந்த போதிதர்மர் சீனர்களுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது '7ஆம் அறிவு' வந்த 2011க்குப் பிறகு இங்கே ஏறக்குறைய வரலாறாகவே பேசப்படுகிறது. ஷாவோலின் பயிற்சியை அவரோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் முன்னுரைகள் போலி என்று சீன ஆய்வாளர் டாங் ஹாவ் 1930களிலேயே காட்டிவிட்டார். நம் கலைக்கு இந்தப் பூச்சு தேவையில்லை.

இன்றைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிலம்பத்தை மத்திய விளையாட்டு அமைச்சகம் கேலோ இந்தியா திட்டத்தில் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமில்லை, வரவேற்க வேண்டியது. ஆனால் சான்றிதழுக்கு ஒரே விதிப்புத்தகம் வேண்டும், ஒரே விதிப்புத்தகத்துக்கு ஒரே பாணி வேண்டும். கராத்தே எங்கே போய் நின்றது என்று பாருங்கள். உலகக் கூட்டமைப்பு அங்கீகரித்த கட்டாக்கள் 102. அவற்றுக்கு வெளியே ஆடினால் மதிப்பெண் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு இறுதியில், உதை வாங்கி மயங்கி விழுந்த ஈரான் வீரர் சஜத் கஞ்சாதே தங்கம் பெற்றார். கட்டுப்பாடில்லாமல் உதைத்ததாக முன்னிலையில் இருந்த சவுதி வீரர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். விதிப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் எது சண்டை என்பதை இனி விதிப்புத்தகமே சொல்லும் என்ற நிலையும் அதுதான்.

என் தீர்ப்பு இது: போர்க்கலை பாணியாகத்தான் கைமாறும், பாணி உடையும் இடத்தில்தான் அது கலை என்று நிரூபணமாகும், எதற்காக நிற்பது என்ற கேள்விக்கு இரண்டும் பதில் தராது. அதை ஆம்பூர்க் கல்லும் வேலூர்க் கோட்டையும் சொல்கின்றன. ஆகவே விதி எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. மேடையில் தனியாகச் சுற்றிக்காட்டும் அலங்கார வீச்சுக்குத் தருகிற மதிப்பெண்ணைத் தொடுமுறைக்கும் தாருங்கள். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் வயதான வாத்தியார்கள் இருக்கும்போதே அவரவர் வரிசையை, இந்த அடி ஏன் இப்படி என்ற விளக்கத்தோடு படம்பிடித்து வையுங்கள். பொதுப் பாடத்திட்டம் வந்தாலும், தன் ஊர் முறையில் ஆடுகிற பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.