நாற்காலிக்கு வெளியே இருப்பவர்கள்

அமெரிக்க, ஆங்கிலேய ஹைஃபை எழுத்தில் 'கடினமான அறை' என்றொரு சொல் அடிக்கடி வரும். சதுர அறை, தாழ்ந்த கூரை, நகர்த்த முடியாத அலமாரி என்று போகும் அந்தப் பட்டியலில் பல நேரம் மனைவியும் இருப்பாள். 1983இல் ஸ்டீரியோஃபைல் இதழில் லாரி கிரீன்ஹில் எழுதிய மதிப்புரை ஒன்றில் 'மனைவி ஏற்புக் காரணி' என்ற தொடர் அச்சேறியது. இந்த ஸ்பீக்கரை வரவேற்பறையில் வைக்க அவள் சம்மதிப்பாளா என்பதற்கான அரைவேடிக்கை அளவுகோல் அது. பிறகு வேடிக்கை உதிர்ந்து, அளவுகோல் மட்டும் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லின் இழிவைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த அளவுகோலில் மனைவிக்குக் கண் உண்டு, காது இல்லை. பெட்டி பெரிது, திரைச்சீலைக்குப் பொருந்தவில்லை என்று மட்டுமே அவள் சொல்லக்கூடும். ஒலியைப் பற்றி அவள் சொல்வது ரசனைக் குறைவாகவோ நரம்புத் தளர்ச்சியாகவோ படிக்கப்படும். 1950களின் அமெரிக்க ஹைஃபை மோகத்தை ஆராய்ந்த கீர் கெய்ட்லி, குடும்ப வீட்டுக்குள் ஆண் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வழியாக அது இருந்ததை 1996இலேயே எழுதிவிட்டார். சப்வூஃபர் வந்த பிறகு இதில் இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது.

பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 47 ஹெர்ட்ஸில், அதாவது பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியை ஒட்டிய சுரத்தில், அரை அலை மிகச் சரியாக எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அடங்கும். அப்போது அழுத்தம் சுவரோரங்களில் உச்சத்தில் இருக்கும். நடு அறையில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே சுரத்தைத் தூக்குவதால் நிலைமை இன்னும் மோசம். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரம் காணாமல் போகிறது. அறை கடினமானது என்று தீர்ப்பளித்துவிட்டு அவர் குமிழைத் திருகுகிறார். அவர் கூட்டியதெல்லாம் சுவரோரக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கும், மூலையில் மேசை போட்டுப் படிக்கும் மகளுக்கும், சுவருக்கு அப்பால் சமையலறையில் நிற்பவளுக்கும் போய்ச் சேர்கிறது. “நெஞ்சுல இடிக்குது, குறைங்க” என்கிறாள் அவள். “இங்க ஒண்ணுமே கேக்கலையே” என்கிறார் அவர். இருவர் சொல்வதும் உண்மை. ஹைஃபை எழுத்து அவர் சொன்னதைத் தரவாக எடுத்துக்கொள்கிறது, அவள் சொன்னதைத் தடையாக.

நம் ஊர் செங்கல், கான்கிரீட் வீடுகளில் இந்த இடி இன்னும் அதிகம். மரச்சட்டத்தில் அறைந்த அமெரிக்க ஜிப்சம் சுவர் அதிர்ந்து கொஞ்சம் பேஸை விழுங்கும். நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். இரண்டு அங்குல நுரைப்பலகை ஒட்டியும் பயனில்லை, அந்த அலையின் நீளம் இருபத்து நான்கு அடி.

சப்வூஃபர் வைக்க இடம் தேட ஒரு முறை உண்டு. பெட்டியை நாற்காலியில் ஏற்றி, ஒரே பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய், பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைப்பது. அழகான முறைதான். மற்றவர்கள் நாளெல்லாம் இருக்கும் மூலைகளுக்கு அந்தக் காது போவது அன்றைக்கு மட்டும், அதுவும் பெட்டிக்காக.

இந்தத் துறையில் நான் மதிக்கும் வேலை ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு. எத்தனை சப்வூஃபர் போதும் என்று கேட்ட அவர், ஓர் இருக்கைக்கும் இன்னோர் இருக்கைக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைப்பதையே இலக்காக எடுத்துக்கொண்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொரு பெட்டி வைத்தால், அந்தத் திசையில் மேலே சொன்ன சுரத்தின் எழுச்சியை அவை ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். ஒற்றை நாற்காலியை விட்டுவிட்டு அறையைக் கணக்கில் எடுத்ததுமே கேள்வி மாறிவிட்டது. அதே ஆய்வை வைத்துக்கொண்டு, இரண்டாவது பெட்டியை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது பெட்டிக்குக் காசு இல்லையென்றால் நாற்காலியை நடுவிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளிப் பார்க்கலாம். போன சுரம் பாதியளவாவது திரும்பி வரும். குமிழை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.