மலையகக் கதையில் காணாமற் போன கடன் கொப்பி

மலையகத்தைப் பற்றிய படைப்புகள் அண்மைக் காலத்தில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவடைந்தமை 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்றும் இடம்பெற்றது. அதையொட்டிச் சிறப்பு மலர்கள், கவியரங்குகள் எனப் பலவும் வந்தன. நமது முஸ்லிம் எழுத்தாளர்களும் இதிற் பின்நிற்கவில்லை. எனினும் அவற்றுள் என் கைக்குக் கிடைத்தவற்றை ஒருசேர வாசித்தபோது ஒரு குறை புலப்பட்டது. எட்டாத மலைத்தோட்டமொன்றில் வாழும் குடும்பம் இன்று எவ்வாறு சீவிக்கிறது, அதன் பிள்ளைக்கு நாளை என்ன வழி என்ற இரு கேள்விகளுக்கும் இவ்வெழுத்துகளில் விடை அரிதாகவே கிடைக்கிறது. பனி இருக்கிறது, அட்டை இருக்கிறது, கூடை இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. மாதக் கடைசியில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதைத்தான் காணோம்.

நான் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, ஊவா மலைகளில் ஒரு தோட்டப் பாடசாலையிற் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருபவன். நகரத்திலிருந்து பஸ் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வரும். மழை கனத்தால் அதுவும் இல்லை. என் வாப்பா இதே மலைகளின் அடிவாரத்திற் சில்லறைக் கடை வைத்திருந்தவர். எனவே கடையையும் வகுப்பறையையும் சேர்த்துக் கண்டவன் என்ற முறையிலேயே இவற்றை எழுதுகிறேன்.

முதலில் நமது மரபை நோக்குவோம். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை (1838 - 1898) எழுதிய 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக நாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் நூல் அது. அதன் கதை எகிப்து, பம்பாய், கல்கத்தா என்று விரிகிறது. அதே காலத்திற் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1869 இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து வந்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் ஆரம்பித்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்து வந்தது. கோப்பித் தோட்டத்துக்குப் பருவந்தோறும் வந்து போன கூலிகள், தேயிலைக்காக ஆண்டு முழுவதும் லயங்களிலே தங்க வேண்டியவர்களானார்கள். வீரமும் பயணமும் கதையென்று கருதப்பட்ட அன்றைய நிலையில் இம்மாற்றம் நாவலுக்குப் பொருளாகாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் மலையில் வாழ்ந்துகொண்டே மலையை எழுதாத அந்தத் தூரம் நம்மிடையே இன்னும் முற்றாகக் குறையவில்லை என்பதே என் கவலை.

தோட்டத்தை உள்ளிருந்து எழுதியவர்கள் வேறு வழியிற் சென்றார்கள். சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தலைப்பிலேயே ஒரு வாழ்நிலையைச் சொல்லிவிடுகிறது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' ஒரு பெண் எடுக்கும் கொழுந்தின் நிறையைச் சுற்றிப் பின்னப்பட்ட கதை. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' லயத்துக் காம்பராவின் நெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தை என்ன பாடுபடுத்துகிறது என்று காட்டுவது. இக்கதைகள் ஏன் நிலைத்தன என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவற்றின் சோகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அவற்றைவிடச் சோகமான கதைகள் எத்தனையோ மறக்கப்பட்டுவிட்டன. இக்கதைகளுக்குள் ஓர் அளவு இருக்கிறது. ஒன்றில் தராசு, மற்றதிற் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ராத்தற் கணக்கு ஒரு பெண்ணின் மரியாதையையும், அடிக் கணக்கு ஒரு தகப்பனின் மானத்தையும் தீர்மானிக்கும் இடத்தை அவ்வெழுத்தாளர்கள் கண்டுகொண்டார்கள். அதனாலேயே அந்தத் துயரம் பொத்தாம் பொதுவாக நின்றுவிடாமல் இன்னார் வீட்டுத் துயரமாக நம் மனதில் தங்குகிறது.

அப்படியாயின் இன்றைய அளவுகள் எவை? ஒரு நாட் சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. செய்தித்தாளில் வரும் இத்தொகை வீட்டுக்கு வரும் தொகையன்று. மாதத்தில் எத்தனை 'பேர்' விழுந்தது என்பதே கணக்கு. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கொழுந்தின் அளவு எட்டாவிட்டால் அரைப்பேர். மழையும் வரட்சியும் பேரைக் குறைக்கும். முற்பணம், சந்தா, சேமலாப நிதி என்று கழிவுகள் போக மிஞ்சுவதுதான் கைக்கு வரும். சில இடங்களில் இப்போது தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, எடுக்கும் கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்ற மனிதன் இம்முறையில் தனியனாகிறான். இது அவனுக்கு விடுதலையா, புதிய சுமையா? நமது கதைகளில் இக்கேள்வி எழுப்பப்பட்டதாக நான் அறியேன்.

அடுத்தது முகவரி. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். வாக்களிக்கும் சபையிடம் ஒரு பாலத்தையோ வடிகானையோ கேட்க முடியாத மக்கள் 31 ஆண்டுகள் இருந்தார்கள் என்பது இதன் பொருள். 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற திட்டத்தாற் பயனடைந்த குடும்பங்கள் உண்டு. லயத்திலேயே காத்திருக்கும் குடும்பங்கள் அதனிலும் அதிகம். கடிதங்கள் பல இடங்களில் இன்றும் தோட்ட அலுவலகத்துக்கே வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி கடந்த பின்னர் கைக்குக் கிடைத்த என் பழைய மாணவன் ஒருவன் இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறான். அங்கே தபாலை யாரும் திட்டமிட்டு மறைக்கவில்லை. மேசையிற் கிடந்தது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். எந்த வில்லனும் இல்லாமல் ஒரு வாழ்க்கை திசைமாறும் இவ்விடம் நல்ல சிறுகதைக்குரிய இடம். ஆனால் நமது கதைகளுக்கு ஒரு கொடிய துரையோ கங்காணியோ இல்லாமல் நகரத் தெரியவில்லை.

மண்சரிவுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் மலைநாடெங்கும் உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டு தடவையும் கவிதைகள் குவிந்தன. இரங்குவது மனிதப் பண்பு. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் மண் சரிந்த பின்பே நமது பேனை அசைகிறது. அபாயமான இடம் என்று அறிவிக்கப்பட்ட பிறகும், போக்கிடம் இல்லாததால் மழை இரவுகளில் மட்டும் பாடசாலையிலோ கோவிலிலோ படுத்துறங்கி, விடிந்ததும் அதே காம்பராவுக்குத் திரும்பும் மனிதர் கவிதைக்குள் வருவதில்லை. செத்தவர்களுக்குக் கிடைக்கும் வரி உயிரோடு பயந்திருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இனி நம்மவர் எழுத்துக்கு வருகிறேன். மலையகத்தில் முஸ்லிம்கள் கடைக்காரராகவும் பொட்டணி வியாபாரியாகவும் ஆசிரியராகவும் நீண்ட காலமாகத் தோட்டத்தோடு பழகி வந்தவர்கள். நான் வாசித்தவரையில், தோட்டத்தவர் எழுதிய கதைகளிற் கடைக்கார நானா ஓரிரு வரிகளில் வந்து போவார். பெரும்பாலும் கணக்கில் ஏமாற்றுபவராக. நம்மவர் எழுதினால் அவர் இளகிய மனம் படைத்தவராகிவிடுவார். கடைசிப் பந்தியிற் கடனை மன்னித்துக் கொப்பியைக் கிழித்தெறிவார். என் வாப்பாவின் கடையில் அந்தக் கொப்பி ஒரு நாளும் கிழிக்கப்படவில்லை. கிழித்திருந்தால் அடுத்த மாதம் கடையும் இருந்திராது. அந்த வீட்டாருக்கு மாவும் கிடைத்திராது. கடைக்காரரும் நகரத்து மொத்த வியாபாரிக்குக் கடன்காரர் என்பதை இரு தரப்புக் கதைகளும் மறந்துவிடுகின்றன.

கடன் என்பது இம்மலைகளின் பழைய சரித்திரம். கங்காணிக்குப் பட்ட கடனே தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிய கயிறு. 'துண்டு' முறை 1921 இற் சட்டத்தால் நீக்கப்பட்டது. கயிறு அறுந்தாலும் கடன் நின்றது. அது கடைக்கு இடம்மாறியது. ஆகவே கடன் கொப்பியை அற்ப விஷயமாக எண்ணிவிட வேண்டாம். அதிற் பெயரும் லய இலக்கமும், கோதுமை மா, பருப்பு, நெத்தலி, மண்ணெண்ணெய் என்று வரிசையும் இருக்கும். 2022 நெருக்கடியின்போது, கிலோவாக எழுதப்பட்ட மா 250 கிராமாக எழுதப்பட்டதைக் கண்டேன். பால்மா என்ற சொல்லே சில பக்கங்களிலிருந்து மறைந்தது. அதற்கு மேல் எந்த வர்ணனை வேண்டும்?

இன்னொன்றும் அதிலே தெரியும். ஒரு வீட்டு மூத்த பையன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழும்புக்குப் போன மாதத்திலிருந்து, சம்பள நாளிற் தீர்ந்துவந்த கணக்கு மாத நடுவிலே, தொலைபேசி வழியாக வரும் பணத்தாற் தீர்கிறது. தாய் குவைத்துக்குப் போனாற் பக்கத்தின் தலையிற் பாட்டியின் பெயர் ஏறுகிறது. தோட்டத்தின் வருமானம் தோட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வீடும் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டும் உள்ளே இருக்கிறார்கள். இன்றைய மலைக் கிராமத்தின் சாரம் இதுவே எனலாம். வெறும் கொழுந்துக் கூடையை வைத்து இதை எழுதிவிட முடியாது.

நாளைய வழி பற்றியும் அங்கே ஒரு சாட்சி உண்டு. முன்பெல்லாம் கடைக்காரர் எழுதியதே கணக்கு. இப்போது தரம் 7, 8 படிக்கும் பெண்பிள்ளை தன் பாடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு வாங்கியவற்றைத் திகதியோடு எழுதிக்கொண்டு வந்து, கடைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். வித்தியாசம் இருந்தால், "நானா, இந்தப் பருப்பு நாங்க வாங்கல்லையே" என்று நேராகவே கேட்கிறாள். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறார். கல்வியின் பயனைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். இந்தக் காட்சிக்கு அவை ஈடாகா. ஆனால் அதே பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால் அருகில் அதற்குரிய பாடசாலை இல்லை. நகரத்தில் தங்கிப் படிக்க வீட்டில் வசதியில்லை. கடையில் நானாவையே கேள்வி கேட்கத் தெரிந்தவள் அந்த இடத்தில் யாரைக் கேட்பாள்? இந்த இரண்டாம் பகுதியும் சேர்ந்தாற்தான் கதை முழுமை பெறும். முதற் பகுதியோடு முடித்தால் அது பிரசாரம். இரண்டாவதை மட்டும் எழுதினால் மீண்டும் ஒப்பாரி.

இலக்கியம் கணக்கு எழுதும் தொழிலா என்று சிலர் கேட்கக்கூடும். கணக்கை அப்படியே ஒப்புவித்தால் அது அறிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் எழுதப்படும் இரக்கம், எழுதுகிறவரையே நல்லவராகக் காட்டுகிறது. எழுதப்படுகிறவர் எல்லாக் கதையிலும் ஒரே ஆளாக, ஒரே பெயரோடு, ஒரே கூடையோடு நிற்கிறார். தோட்டத்துக் கதைகளை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது என் மாணவர்கள் அழுவதில்லை. 'மீன்கள்' போன்ற ஒன்றின் நெருக்கடியை எடுத்துச் சொன்னால் அவர்கள் தலைகுனிந்து மௌனமாகிறார்கள். அது தமது வீடென்று தெரிந்த மௌனம். பனியையும் கண்ணீரையும் மட்டும் கொண்ட கதையை வாசித்தால் ஜன்னலால் வெளியே பார்க்கிறார்கள். பனியை அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே நம்மிடையே மலைநாட்டுக் கடைத்தெருக்களில் வளர்ந்தவர்களுக்கும், தோட்டப் பாடசாலைகளிற் படிப்பிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தோட்டத்துத் தொழிலாளியின் உள்ளத்திலிருந்து எழுதும் உரிமையும் ஆற்றலும் அங்கே பிறந்தவர்களுக்கே அதிகம். அதை அவர்கள் செய்திருக்கிறார்கள், செய்வார்கள். நமக்குத் தெரிந்தது மேசையின் இந்தப் பக்கம். கொடுத்தவர், எழுதியவர், சில வேளைகளிற் கூட்டி எழுதியவர், கூட்டி எழுதியதைப் பிள்ளையொருத்தி கண்டுபிடித்தபோது வெட்கப்பட்டவர் என்று நம் வாப்பாமாரையும் நானாமாரையும் உள்ளபடி எழுத நமக்கு வாய்ப்பிருக்கிறது. அவர்களைப் புனிதராக்காமலும் பழிக்காமலும் எழுதினால், அக்கொப்பியின் மறுபக்கத்திலுள்ள குடும்பமும் தானாக வெளிச்சத்துக்கு வரும். அத்தகைய ஒரு கதை இவ்விதழிலேயே வெளிவருமாயின், முதலில் அதை என் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.