ஆய்வாளர் கண்டதும் ஆயர் காணத் தவறியதும்

சமூக அறிவியல் ஆய்வுகளால் பொதுவாழ்விற்கு விளையும் பயன் யாது என்னும் வினா நம் இறையியல் வகுப்புகளில் அடிக்கடி எழுவதுண்டு. இவ்வினாவிற்கு நம் பகுதியிலேயே விடை கிடைக்கிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ என்னும் ஆங்கில நூல், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்டிருந்த சிறாரைத் தன் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டது. அந்நூலை மதிப்பிடுவதும், அதன் வழியே திருச்சபையின் பொறுப்பை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வறுமையே குழந்தை உழைப்பிற்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். வீனர் இதனை மறுக்கிறார். வருவாயில் தாழ்ந்திருந்த காலத்திலேயே பல நாடுகள் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கின என அவர் எடுத்துக்காட்டுகிறார். பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க முயல வேண்டும் என நம் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு பணித்திருந்தும், அது நிறைவேறவில்லை. ஏழையின் பிள்ளை கைத்தொழிலுக்கும், மற்றவர் பிள்ளை கல்விக்கும் உரியன என்று படித்த வகுப்பார் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணமே இதற்குக் காரணம் என்பது அவர் முடிவு.

மேலைநாடுகளில் கல்வி பரவியதற்குச் சமய நம்பிக்கையும் ஒரு காரணம் என்று இந்நூல் கூறுவது நாம் கருதத்தக்கது. ஒவ்வொருவரும் திருமறையைத் தாமே வாசிக்க வேண்டும் என்ற சீர்திருத்தத் திருச்சபைகளின் கொள்கை, பள்ளிகளைப் பெருக்கியது. 1524இல் மார்ட்டின் லூத்தர் ஜெர்மானிய நகர மன்றத்தாருக்குப் பள்ளிகளை நிறுவுமாறு எழுதினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் பள்ளி நடத்துவதைத் தம் ஊழியத்தின் ஒரு கூறாகவே கொண்டார். அந்த மரபின் வழிவந்தவர் நாம். நம் கண்முன்னே பிள்ளைகள் பள்ளியை விட்டு நீங்கியபோது நாம் என்ன செய்தோம்?

1990களின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சிற்றூர்ச் சபை ஒன்றில் இளம் ஊழியனாகப் பணியாற்றினேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் சிலர் அமர்ந்தவாறே உறங்குவர். அதனைப் பெற்றோரின் அசட்டையாகக் கருதி, பிரசங்க மேடையிலிருந்தே கடிந்துகொண்டேன். விடியுமுன் எழுந்து சட்டங்களில் தீக்குச்சி அடுக்கவும், இரவில் பெட்டி ஒட்டவும் அப்பிள்ளைகள் பழகியிருந்தனர் என்பதைப் பின்னர் இத்தகைய ஆய்வுகளைப் படித்தபோதே உணர்ந்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்கள் பெயரை எழுதிய கை என்னுடையது. அவர்கள் வாழ்க்கையை எழுதிய கை அயலாருடையது.

ஆயினும் இந்நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. அதிகாரிகள், கல்வியாளர், ஆலை உரிமையாளர், சமூகப் பணியாளர் ஆகியோரின் உரையாடல்களுக்கு வீனர் விரிவான இடம் அளிக்கிறார். தாய்மாரின் குரலோ மெலிந்தே ஒலிக்கிறது. முன்பணம் வாங்கிய தாய்க்கு மகளின் நாட்கூலி கடனை அடைக்கும் வழி. அவள் எண்ணத்தை அதிகாரியின் எண்ணத்தோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. மேலும், அரசின் கட்டாயத்திற்கு முதலிடம் தரும் ஆசிரியர், 1982இல் தமிழகத்தில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் போன்றவற்றின் ஆற்றலை உரிய அளவில் மதிக்கவில்லை என்பது என் கருத்து. சட்டம் பிள்ளையைப் பள்ளி வாயில் வரை கொணரலாம். அங்கே இருத்துவது சோறும் ஆசிரியரின் பரிவுமே.

சிவகாசிச் சிறார் குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் ரூ. 20,000 நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009இல் அதற்குரிய சட்டம் இயற்றப்பட்டது. இவை யாவும் ஒரு நூலின் விளைவு எனல் மிகை. ஆயினும், சிவகாசிச் சிறாரைப் பற்றி 1983இல் எழுதிய ஸ்மித்து கோத்தாரி முதலானோர் கண்டதைப் பதிவு செய்திராவிடில், பொதுமன்றத்தில் வழக்குரைப்பதற்குச் சான்று குறைந்திருக்கும்.

திருமறையில் இருவகைக் கணக்கெடுப்பைக் காண்கிறோம். தாவீது தன் வலிமையை அறியப் போர்வீரரை எண்ணினான், அது பாவமாயிற்று. நெகேமியாவோ இடிந்த மதிலை இரவிலே சுற்றிப் பார்த்து, பின்னரே மக்களிடம் பேசினார். சபை உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருமையோடு அறிக்கையிடும் நாம் முன்னதைக் கற்றுள்ளோம், பின்னதைக் கற்கவில்லை.

கல்வியுரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சபைகளில் பதினைந்து வயதில் படிப்பை விட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? பிழைப்புத் தேடி வேற்று மாநிலங்களிலிருந்து நம் ஊர்களுக்கு வந்தோரின் பிள்ளைகள் எப்பள்ளியில் பயில்கின்றனர்? இறையியல் மாணவர் தம் களப்பணியில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பள்ளி வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக. ஆய்வாளருக்கு எண்ணிக்கை தெரியும். ஆயருக்குப் பெயர் தெரியும். எண்ணத் தவறிய ஆயனுக்குத் தொண்ணூற்றொன்பதிற்கும் நூற்றுக்கும் வேறுபாடு தெரியாது. காணாமற்போன ஆட்டைத் தேடி அவன் புறப்படவும் மாட்டான்.