சாமுவேலா, சவுலா? 1 சாமுவேல் 1:20இல் காணும் பெயர் விளக்கம்

பழைய ஏற்பாட்டில் பிள்ளைக்குப் பெயரிடும்போது அதற்குரிய காரணமும் பலவிடங்களில் கூறப்படுகின்றது. அக்காரணத்தையே அப்பெயரின் அகராதிப் பொருளாகக் கொண்டு பிரசங்கிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ‘சாமுவேல்’ என்றால் ‘கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றவன்’ என்று பொருள் என ஞானஸ்நான ஆராதனைகளில் நானும் பல்லாண்டுகள் கூறியதுண்டு. பின்னர் எபிரெய வகுப்பில் மாணவர் ஒருவர், “ஐயா, இச்சொல்லுக்கு அப்பொருள் வரவில்லையே, அன்னாள் தவறினாளா, வேதம் தவறிற்றா?” என்று வினவினார். அவ்வினா எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று.

சொல்லின் அமைப்பு

எபிரெயத்தில் இப்பெயர் ‘ஷ்முவேல்’ என்பதாகும். ‘ஷேம்’ (பெயர்), ‘ஏல்’ (இறைவன்) என்னும் இரு சொற்களின் சேர்க்கையாகவே அறிஞருட் பெரும்பாலோர் இதனைக் கொள்வர். ‘இறைவனின் பெயர்’ என்றோ ‘அவர் பெயர் ஏல்’ என்றோ இதற்குப் பொருள் கூறலாம். ‘இறைவன் கேட்டருளினார்’ எனக் கொள்வோரும் உளர்; ஆயின் ‘ஷாமா’ என்னும் அவ்வினையின் இறுதியிலுள்ள ‘அயின்’ எழுத்து இப்பெயரில் இல்லை. இடைக்கால யூத உரையாசிரியரான தாவீது கிம்கி, ‘ஷாஊல் மேஏல்’, அதாவது ‘இறைவனிடம் கேட்கப்பட்டவன்’ என்பதன் சுருக்கமே இது என்றார். எஸ். ஆர். டிரைவர், 1890இல் வெளியிட்ட சாமுவேல் நூல்களின் எபிரெய மூலக் குறிப்புகளில், இத்தகைய சுருக்கத்தை ஏற்கவில்லை. ஆசிரியர் கூறுவது சொற்பிறப்பன்று, ஒலியொப்புமையே என்பது அவர் முடிபு. காயீன் (ஆதி. 4:1), நோவா (ஆதி. 5:29) என்னும் பெயர்களின் விளக்கங்களும் இத்தன்மையனவே. ஆகவே இங்கு ‘தவறு’ என்னும் பேச்சுக்கே இடமில்லை. பெயரின் ஒலியில் இறைச்செயலை நினைவுகூர்வது அக்கால மரபு.

இடம்மாறிய வரலாறா?

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. ‘கேட்டல்’ எனப் பொருள்படும் ‘ஷாஅல்’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொற்கள் முதலாம் அதிகாரத்தில் மட்டும் ஏழுமுறை வருகின்றன (வச. 17, 20, 27, 28). இவ்வேருக்கு இயல்பாகப் பொருந்தும் பெயர் சாமுவேல் அன்று. ‘கேட்கப்பட்டவன்’ என நேரே பொருள்படும் ‘ஷாஊல்’, அதாவது சவுல் என்பதே. 28ஆம் வசனத்தில் அன்னாள் தன் மகனைக் குறித்து ‘ஷாஊல்’ என்ற அதே வடிவத்தையே வழங்குகிறாள். இதனைக் கொண்டு, இது முதலில் சவுலின் பிறப்பு வரலாறாயிருந்து பின்னர் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்று ஹிலாண்டர் 1932இல் வாதிட்டார். அவருக்குப் பின்னும் சிலர் இவ்வழி சென்றனர்.

இக்கொள்கை கூர்மையானதெனினும் ஏற்கத்தக்கதன்று. சவுல் பென்யமீன் கோத்திரத்தானாகிய கீஸின் மகன். இவ்வதிகாரமோ எப்பிராயீம் மலைநாடு, எல்க்கானா, சீலோ, ஏலி ஆகியவற்றோடு பிணைந்து, அடுத்த இரு அதிகாரங்களுக்கும் அடிப்படையாக நிற்கின்றது. இவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்தாலன்றிச் சவுலுக்கு இங்கு இடமில்லை. சவுலின் பெயரைச் சாமுவேலின் இடத்தில் தரும் கையெழுத்துப் பிரதி ஒன்றேனும் கிடைத்திலது. ஹிலாண்டர் சொல்லைச் சரியாகக் கேட்டார். ஆனால் ஆசிரியர் அச்சொல்லை ஏன் ஒலிக்கச் செய்தார் என்று வினவாது, அதனைத் தொகுப்பின் விபத்தாகக் கருதிவிட்டார்.

இருவகைக் கேட்டல்

ஆசிரியர் வேண்டுமென்றே அவ்வாறு செய்தார் என்பதற்கு நூலே சான்று. 8:10இல் மக்கள் அரசனைக் ‘கேட்பவர்கள்’ எனப்படுகின்றனர். 12:13இல் சவுல் அவர்கள் ‘கேட்ட’ அரசன். 28:6இல் சவுல் கர்த்தரிடம் ‘கேட்கிறான்’, மறுமொழி இல்லை. 28:16இல் “என்னிடம் ஏன் கேட்கிறாய்?” என்னும் கருத்துப்பட சாமுவேல் வினவுகிறார். இவ்விடங்கள் அனைத்திலும் வேர் ஒன்றே. தமிழில் ‘சவுல்’ என்ற பெயருக்கும் ‘கேட்டல்’ என்ற வினைக்கும் ஒலித்தொடர்பு இல்லாமையால், திருப்புதலை மட்டும் வாசிப்போர்க்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை.

28ஆம் வசனத்தில் ‘ஒப்புக்கொடுத்தல்’ எனத் தமிழில் வருவதும் இவ்வினையின் பிறவினை வடிவமே, கேட்டவர்க்குக் கொடுத்தல், இரவல் கொடுத்தல் என்னும் பொருளுடையது (ஒப்பிடுக: யாத். 12:36). அன்னாள் கேட்டாள், பெற்றாள், பெற்றதைத் திரும்பக் கர்த்தருக்கே கொடுத்தாள். மக்களோ மற்ற ஜாதிகளைப்போல் இருப்பதற்காகக் கேட்டார்கள் (8:5). பெற்றவனைத் தமக்கென்றே வைத்துக்கொள்ள விரும்பினார்கள். அரசாட்சியின் வரலாற்றைத் தொடங்குமுன், கேட்டல் எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதை ஆசிரியர் ஒரு தாயின் வாயிலாகக் காட்டிவிடுகிறார்.

நமது பிரசங்கம்

இதனால் நாம் பிரசங்கிக்கும் பொருளும் மாறவேண்டும். ‘கேட்டாள், பெற்றாள்’ என்பதோடு நிறுத்தி, அன்னாளை ஜெப வெற்றியின் சான்றாக மட்டும் காட்டும்போது, நெடுங்காலம் ஜெபித்தும் பிள்ளையின்றி நம் ஆலயத்தில் அமர்ந்திருக்கும் பெண் என்ன கேட்கிறாள்? தன் ஜெபம் குறைவுபட்டது என்றே கேட்கிறாள். நான் அவ்வாறு பிரசங்கித்த நாட்களை எண்ணி வருந்துகிறேன். இவ்வதிகாரத்தின் உச்சம் 20ஆம் வசனமன்று, 28ஆம் வசனமே. பெற்ற எதையும் தமதென்று பற்றிக்கொள்ளாமையே அங்கு போற்றப்படுகின்றது. அது பிள்ளையுடையோர்க்கும் இல்லாதோர்க்கும், ஊழியம் பெற்ற நமக்கும் பொதுவான அழைப்பு.

அம்மாணவருக்கு அன்று நான் தெளிவாக விடையளிக்கவில்லை. இன்று கூறுவேன்: அன்னாளும் தவறவில்லை, வேதமும் தவறவில்லை. ஒலியைப் பொருளென்று எண்ணி, 20ஆம் வசனத்தோடு நின்றுவிட்ட நாமே தவறினோம்.