தூதனும் நோயாளியும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் திருவெள்ளறை. அங்கே ஸ்வஸ்திக வடிவில் ஒரு கிணறு, தந்திவர்மப் பல்லவன் காலத்தது. அதில் ஒரு பாட்டைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மூப்பு வந்து உடம்பைத் தளர்த்துவதற்கு முன், உண்டது போக மிஞ்சியதை உலகறிய வைத்துவிட்டுப் போ என்கிற பாட்டு. நல்ல பாட்டுத்தான். ஆனால் அதில் தளர்கிற உடம்பு யாருடையது? கிணறு வெட்டிய கம்பன் அரையனுடையதா? எல்லோருடையதும், ஆகவே எவருடையதும் அல்ல.

இந்தக் கேள்வி எனக்கு எழக் காரணம் சில காலமாக நான் வாசித்துவரும் கடிதங்கள். எடின்பரோவில் வில்லியம் கல்லன் (1710-1790) என்றொரு வைத்தியர். அவருக்கு வெளியூர் வைத்தியர்கள் எழுதுவார்கள்: என் நோயாளி கை மீறிப் போய்க் கொண்டிருக்கிறார், என்ன செய்யலாம்? சில சமயம் நோயாளியே எழுதுவதும் உண்டு. கல்லன் பதில் எழுதுவார். பலரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. 1781லிருந்து ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் பொறியில் பதில்களுக்குப் பிரதியும் எடுத்து வைத்தார். ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்கின்றன. இலக்கியம் செய்ய வேண்டும் என்கிற எண்ணம் எவருக்கும் இல்லை. இருந்தும், அந்த நூற்றாண்டின் நாவல்கள் பலவற்றில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது - ஒரு தனி உடம்பு. என்ன வயது, என்ன தின்றார், எப்படித் தூங்கினார், வலி எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது, முன்பு யார் என்ன மருந்து கொடுத்தார்கள். எழுதுகிறவனுக்கு வேறு வழியில்லை. வாசிக்கப் போகிறவர் நோயாளியைப் பார்க்கப் போவதில்லை. சொற்களில் இல்லாதது அவருக்கு இல்லை.

நம்மிடம் வைத்தியம் இல்லாமலா இருந்தது? திருமுக்கூடல் கல்வெட்டு, வீரராஜேந்திர சோழன் காலத்தது, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுரசாலையைச் சொல்கிறது, கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று வைத்தியன் பெயரைச் சொல்கிறது, மருந்துகளைப் பட்டியலிடுகிறது. படுக்கையில் கிடந்தவன் பெயர் இல்லை. கல்வெட்டின் வேலை அது அல்ல என்பது எனக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்திலும் ஆரோக்கியசாலை இருந்தது. பழுதுபட்டிருந்த அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே ஒரு நோயாளியின் வரலாறு முழுசாகக் கிடைக்கிறது. முகம் வாடியிருக்கிறது, ராமானுஜர் கவனிக்கிறார், விசாரித்தால் தயிர்சாதத்தோடு நாவல்பழம் சேர்ந்திருக்கிறது, கருடவாகன பண்டிதரிடம் சொல்லிக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். முகக்குறி, காரணம், மருந்து - எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நோயாளி ரங்கநாதன்! இத்தனை சிரத்தையோடு நாம் பார்த்த உடம்பு பெருமாளுடையதுதான்.

உரைநடை இல்லாததால் வந்த குறை என்று சொல்ல முடியாது. அதே பதினெட்டாம் நூற்றாண்டில், 1736லிருந்து 1761 வரை, ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் அன்றாடத்தைத் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார். காரணம் வேறு என்று எனக்குப் படுகிறது. நம் வைத்தியன் கையைப் பிடித்து நாடி பார்த்தான். விரலுக்குத் தெரிந்ததை எழுத வேண்டியதில்லை. வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று சொல் போதும். இது ஒரு பெரிய சக்தி. மறுக்கவில்லை.

நோயாளி எதிரே இல்லாதபோது? அப்போது தூதன் வருவான். சுச்ருதர் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். தூதன் எந்தத் திசையிலிருந்து வந்தான், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தான், கையில் கயிறா கோலா, முதலில் என்ன சொன்னான் - இவற்றிலிருந்தே நோயாளி பிழைப்பானா மாட்டானா என்று அறியலாம். தூதன் கொண்டுவந்த சேதி என்ன என்பதைவிட அவன் எப்படி வந்து நின்றான் என்பது முக்கியமாகிவிடுகிறது. அவன் வாய் திறக்கும் முன்பே அங்கே ஊரில் கிடப்பவனின் விதி நிச்சயமாகிவிடலாம்.

நம் விமர்சனம் இந்த லட்சணத்தை மட்டும் சுவீகரித்துக் கொண்டது. ஒரு கவிதைத் தொகுப்பு வருகிறது. யார் போட்டது, யார் முன்னுரை, ஆசிரியர் எந்த ஊர், என்ன ஜாதி, எந்தப் பத்திரிகைக்காரர்களோடு பழக்கம் - தீர்ப்பு தயார். பிறகு வாத பித்த ஐயம்: மண்வாசனை, யதார்த்தம், அந்நியமாதல். நான் வெளியில் நின்று சொல்லவில்லை. மூன்று பக்கத்துக்கு நான் எழுதிய ஒரு மதிப்புரையைச் சமீபத்தில் திரும்பப் படித்தேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்திராத ஒருவர் அதிலிருந்து ஒரு கவிதை எங்கே திணறுகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. எழுதியவர் எந்தக் கோஷ்டி என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தூதனைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

கல்லனின் வைத்தியம் பெரியது என்று சொல்ல வரவில்லை. இன்று பார்த்தால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் பயனற்றது. ரத்தம் எடுக்கச் சொன்னது கெடுதலே செய்திருக்கும். ஆனால் அவர் தவறினார் என்று எப்படித் தெரிகிறது? எழுதிய வைத்தியன் உடம்பை விவரித்திருக்கிறான், இவர் பதிலை நிறுத்தியிருக்கிறார்; இரண்டையும் பக்கத்தில் வைத்து இருநூறு வருஷம் கழித்து நான் மறுக்க முடிகிறது. கிணற்றுப் பாட்டை யாரும் மறுக்க முடியாது. மூப்பு வரத்தான் செய்யும். என் மதிப்புரையையும் யாரும் மறுக்கவில்லை. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.